ஒன்பது ஆப், ஐந்து பேர்: ஒரே லாகினா, தனித்தனியா?

பழைய_லேப்டாப்
சும்மா கிடந்த கணினியில் ஒவ்வொன்றாக நிறுவி, இப்போது ஒன்பது ஆப் ஓடுகின்றன. நெக்ஸ்ட்கிளவுட் (கோப்புகள்), இம்மிச் (போட்டோ), ஜெல்லிஃபின் (படம்), பேப்பர்லெஸ் (ஆவணங்கள்), கிட்டீ (கோட்), இன்னும் சில. வீட்டில் ஐந்து பேர். "போட்டோவுக்கு எந்த பாஸ்வேர்டு, படம் பார்க்க எந்த பாஸ்வேர்டு?" என்று தம்பி நேற்று மூன்றாவது முறையாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் ஒன்றையே வைத்துவிடலாமா என்று கை பரபரத்தது. தப்பு என்று தெரியும், அதனால்தான் கேட்கிறேன். எஸ்எஸ்ஓ (ஒரே லாகினில் எல்லா ஆப்பும்) போடலாமா, பாஸ்வேர்டு மேனேஜரே போதுமா?

டெர்மினல்_பித்தன்
எஸ்எஸ்ஓ போடுங்கள் ப்ரோ. ஐந்து பேர், ஒன்பது ஆப், மொத்தம் 45 கணக்கு. ஒருவர் பாஸ்வேர்டு கசிந்தால் ஒன்பது இடத்தில் போய் மாற்றிக்கொண்டிருப்பீர்களா? டூ-ஃபேக்டரும் (பாஸ்வேர்டோடு இரண்டாவது சரிபார்ப்பு) எல்லா ஆப்பிலும் கிடையாது. ஜெல்லிஃபினில் உள்ளேயே இல்லை. ஆத்தென்டிக் அல்லது ஆத்தீலியா என்ற லாகின் சர்வரைப் போட்டால் எல்லாம் ஒரு வாசலில் முடிந்தது.

நள்ளிரவு_அட்மின்
45 என்று பயமுறுத்த வேண்டாம். அத்தனையையும் நினைவில் வைப்பது மனிதர் இல்லை, வால்ட்வார்டன் என்ற பாஸ்வேர்டு மேனேஜர்.

நானும் அந்த ஒரு வாசலைக் கட்டியவன்தான். ஆத்தென்டிக்குக்குப் பின்னால் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இருக்கும். அதன் டேக்கை (எந்த வெர்ஷன் என்று சொல்லும் குறி) 'லேட்டஸ்ட்' என்று விட்டது என் புத்தி. ஒரு ராத்திரி எல்லாவற்றையும் அப்டேட் செய்தேன். போஸ்ட்கிரெஸ் அடுத்த மேஜர் வெர்ஷனுக்குத் தாவியது. பழைய வெர்ஷனின் டேட்டாவை வைத்து எழ மாட்டேன் என்று நின்றுவிட்டது. டேட்டாபேஸ் இல்லை என்றால் லாகின் இல்லை. லாகின் இல்லை என்றால் ஒரு ஆப்பும் இல்லை. மீட்பது எப்படி என்று பொறுப்பாக எழுதி வைத்திருந்தேன். எங்கே? அதே எஸ்எஸ்ஓவுக்குப் பின்னால் இருந்த விக்கியில். சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதை.

டெர்மினல்_பித்தன்
சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் அது எஸ்எஸ்ஓவின் குற்றமா? ஒவ்வொரு ஆப்பிலும் ஒரு லோக்கல் அட்மின் கணக்கைத் தனியாக விட்டிருந்தால் நேராக உள்ளே போயிருக்கலாம். அதுவும் மறந்துபோனால், நெக்ஸ்ட்கிளவுடிலும் கிட்டீயிலும் சர்வர் டெர்மினலில் ஒரே கட்டளையில் பாஸ்வேர்டை மாற்றலாம்.

புதுவரவு77
என்னைக் கேட்டால், தனித்தனி பாஸ்வேர்டு வைத்து 90 நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றினால் போதும்.

நள்ளிரவு_அட்மின்
@புதுவரவு77 வேண்டாம். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-இலேயே தன் வழிகாட்டுதலில் அதைக் கைவிட்டுவிட்டது. கசிந்ததற்கு அடையாளம் இருந்தால் மாற்றச் சொல்கிறது, நாள் குறித்து அல்ல. நாள் குறித்தால் எல்லோரும் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள்.

யாழ்மொழி
நீங்கள் இருவரும் எஸ்எஸ்ஓ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்களைப் பேசுகிறீர்கள்.

ஒன்று, ஆப்பே ஓப்பன்ஐடி கனெக்ட் (லாகினை வேறொரு சர்வரிடம் ஒப்படைக்கும் முறை) பேசுவது. இம்மிச்சும் பேப்பர்லெஸ்ஸும் பேசும். இது 2014-இல் முடிவான தரம். அதை ஆதரிக்கும் ஆப்பில் நிம்மதியாக வைக்கலாம்.

இன்னொன்று, ஆப்புக்கு முன்னால் ப்ராக்ஸியை (கோரிக்கைகளை வாங்கி ஆப்புக்குக் கடத்தும் இடை சர்வர்) நிறுத்தி அது லாகின் கேட்பது. பிரவுசரில் அழகாக வேலை செய்யும். மொபைல் ஆப்போ ஏபிஐ பதிலை (நிரல் படிக்கும் தரவை) எதிர்பார்த்துப் போய், லாகின் பக்கத்தை வாங்கிக்கொண்டு விழிக்கும். டிவியில் ஜெல்லிஃபின் பார்ப்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஹெட்டர், அதாவது கோரிக்கையோடு போகும் கூடுதல் வரி. லாகின் முடிந்ததும் ப்ராக்ஸி 'ரிமோட்-யூசர்' என்று ஒரு வரியில் பெயரை எழுதி ஆப்புக்கு அனுப்பும். ஆப் அதை அப்படியே நம்பும். என் பேப்பர்லெஸ்ஸை இப்படி வைத்துவிட்டு, சந்தேகம் வந்து இன்னொரு கணினியிலிருந்து ப்ராக்ஸியைத் தொடாமல் நேரே 8000 போர்ட்டுக்கு ஒரு கர்ல் (டெர்மினலிலிருந்து கோரிக்கை அனுப்பும் கருவி) அடித்தேன். கூடவே என் கையால் 'ரிமோட்-யூசர்: அட்மின்'. பாஸ்வேர்டு, ஓடிபி எதுவும் கேட்காமல் உள்ளே விட்டது! யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை மூடித்தான் வைத்திருந்தேன். ஆனால் டாக்கர் (ஆப்களைத் தனித்தனிப் பெட்டியில் ஓட்டும் மென்பொருள்) வெளியே திறக்கும் போர்ட் யுஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டிப் போய்விடும். டாக்கரின் கம்போஸ் கோப்பில் அந்த போர்ட் வரியை எடுத்துவிட்டு, ப்ராக்ஸியையும் ஆப்பையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் வைத்த பிறகுதான் அடங்கியது.

நள்ளிரவு_அட்மின்
இதைத்தான் சொல்கிறேன். இவ்வளவு நுணுக்கம் பார்ப்பதற்கு, இணையத்துக்கே திறக்காமல் வயர்கார்டு விபிஎன் போட்டுவிட்டுத் தனித்தனி பாஸ்வேர்டோடு இருக்கலாம். இன்னொன்று: எஸ்எஸ்ஓவில் ஒருவரை முடக்கினால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆப்பில் ஏற்கனவே திறந்திருக்கும் செஷன் பல நேரம் அப்படியே உயிரோடு இருக்கும்.

டெர்மினல்_பித்தன்
செஷன் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயர்கார்டு வாசல் வரைக்கும்தான். உள்ளே வந்தவர் தம்பியா அப்பாவா என்று அதை வைத்து இம்மிச் எப்படிக் கண்டுபிடிக்கும்? கணக்கு அப்போதும் வேண்டும், 45-உம் அப்படியே இருக்கும். வீட்டில் எல்லோரும் பாஸ்வேர்டு மேனேஜரைத் திறப்பார்கள் என்பது உங்கள் நம்பிக்கை. எங்கள் வீட்டில் திறப்பதில்லை, நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார்கள்.

யாழ்மொழி
நோட்டுப் புத்தகம் அவ்வளவு மோசமில்லை, அதை நெட்வொர்க் வழியாக யாரும் திருட முடியாது :) வால்ட்வார்டனை மட்டும் எந்த எஸ்எஸ்ஓவுக்குப் பின்னாலும் வைக்காதீர்கள். சர்வர் விழுந்தாலும் அதனோடு பேசும் பிட்வார்டன் ஆப் கடைசியாக வாங்கிய நகலைக் காட்டும். அது இருந்தால் எதையும் மீட்கலாம்.

பழைய_லேப்டாப்
இரண்டு நாள் உட்கார்ந்து செய்துவிட்டேன். ஆத்தென்டிக் நிறுவினேன், இம்மிச், பேப்பர்லெஸ், நெக்ஸ்ட்கிளவுட் மூன்றும் ஓப்பன்ஐடி கனெக்டில். ஜெல்லிஃபினுக்குத் தனி பாஸ்வேர்டு, வீட்டு நெட்வொர்க்கோடு சரி. வால்ட்வார்டன் தனி. லோக்கல் அட்மின் பாஸ்வேர்டுகளைத் தாளில் எழுதி அலமாரியில் வைத்தாயிற்று. பேப்பர்லெஸ்ஸில்தான் ஒரு மணி நேரம் போனது. 'ரீடைரெக்ட் யுஆர்ஐ பொருந்தவில்லை' என்று திரும்பத் திரும்ப வந்தது. பார்த்தால் லாகின் முடிந்து திரும்ப வேண்டிய முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு குறைவு.

தம்பி இன்று எதுவும் கேட்கவில்லை.

நள்ளிரவு_அட்மின்
வாழ்த்துகள். போஸ்ட்கிரெஸ் டேக் என்ன?

பழைய_லேப்டாப்
லேட்டஸ்ட்.

இருங்கள், மாற்றிவிட்டு வருகிறேன்.