கல்வீடு இருந்தால் உதவிப்பணம் கிடையாதா?

முத்தையன்கட்டுக்காரி: "கல்வீட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் அரசின் அஸ்வெசும உதவிப்பணம் கொடுப்பதால்தான் உண்மையான ஏழைக்குக் கிடைப்பதில்லை" என்று பரந்தன் சந்தி என்ற பெயரில் ஒருவர் நேற்று இங்கே எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எங்கள் வீடும் கல்வீடுதான். போரில் வீடிழந்தவர்களுக்கான இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சத்தைக் கட்டம் கட்டமாகத் தந்தார்கள். கூரை போடுவதற்குள் அது முடிந்து, அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. இன்றும் சுவர் பூசவில்லை, பின் யன்னலுக்கு உரப்பைதான் மறைப்பு. 2009 போரில் எறிகணை பட்டு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட என் அண்ணன் அதற்குள்தான் படுத்திருக்கிறார். கல்வீடு அவருக்குச் சோறு போடுமா?

பரந்தன் சந்தி: தங்கச்சி, உங்கள் அண்ணனை நான் சொல்லவில்லை. எங்கள் பக்கம் மாபிள் பதித்த வீடு, வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள், அவர்களுக்கு மாதம் 10,000. தகரக் கொட்டிலில் கிடக்கும் கிழவிக்கு ஒன்றுமில்லை. கல்வீடு என்றால் கல்வீடுதான்.

வவுனியா வாசி: இரண்டு பேரும் வெவ்வேறு கொடுப்பனவைப் பேசுகிறீர்கள். குடும்பத்துக்கான அஸ்வெசும 2023 யூலையில் தொடங்கியது. இப்போது மிக வறிய குடும்பத்துக்கு 17,500, வறிய குடும்பத்துக்கு 10,000. மாற்றுத்திறனாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் தருவது வேறு. அது 2025 ஏப்ரலிலிருந்து 10,000. எழுபது வயது கடந்த, வருமானம் குறைந்த முதியவருக்கு 5,000. எதைப் பற்றிச் சண்டை என்று முதலில் சொல்லுங்கள்.

முத்தையன்கட்டுக்காரி: அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். நான் கேட்பது கல்வீட்டைப் பற்றி. 22 குறிகாட்டிகள் வைத்துக் குடும்பங்களைத் தெரிவுசெய்கிறார்கள், அதில் வீட்டின் நிலையையும் பார்க்கிறார்கள். கணக்கெடுக்க வந்த பிள்ளை சுவரைப் பார்த்து எழுதிக்கொண்டு போனாள். கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பையை யார் எழுதினார்கள்? அண்ணனுக்கு வரும் 10,000 பம்பஸுக்கும், படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டும் துணிக்கும், குழாய் மாற்றப் போகும் ஓட்டோவுக்குமே காணாது. குடும்பக் கொடுப்பனவுக்கு மேன்முறையீடு போட்டோம், இன்னும் பதிலில்லை.

மல்லாவி மண்: பரந்தன் சந்திக்கு ஏழையில் இவ்வளவு இரக்கமா! போன பெரும்போகத்தில் ஈரம் என்று சொல்லி எங்கள் நெல்மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்தது யார்?

பரந்தன் சந்தி: இதற்குள் நெல் எங்கே வந்தது? ஈரநெல்லை ஏற்றிக்கொண்டு வந்தால் கழிக்காமல் மாலையா போடுவது? மறுபடி சொல்கிறேன், கல்வீட்டுக்காரர் ஒதுங்கினால் கொட்டில்காரருக்கு இடம் வரும்.

ரொறன்ரோ வன்னியான்: நாங்கள் பனியில் உழைத்து அனுப்பிய காசில் எழும்பிய கல்வீடுகள் எத்தனை! பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் அரசாங்கக் காசுக்கு வரிசையில் நிற்பது வெட்கக்கேடு.

மல்லாவி மண்: அனுப்பாமல் விட்ட பிள்ளைகளைப் பற்றியும் எழுதுங்கள். அவர்களின் தாய்மாரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

முத்தையன்கட்டுக்காரி: எங்களுக்கு வெளிநாட்டில் யாருமில்லை. யாரிடமும் கை நீட்டியதுமில்லை. பரந்தன் அண்ணை, ஒரு வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால் அவரைப் பார்க்க இன்னொருவர் உழைப்பை விடவேண்டும். நான் ஆடைத் தொழிற்சாலை வேலையை விட்டேன். அம்மா கச்சான் பிடுங்கப் போனவர், இப்போது முழங்கால் விடுவதில்லை. எழுபதும் ஆகவில்லை, அந்த 5,000உம் இல்லை. உழைக்கும் கை இரண்டு நின்றுபோன வீட்டைச் சுவரை வைத்து அளப்பது என்ன நியாயம்? வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக் கொடுங்கள் என்கிறேன்.

பரந்தன் சந்தி: வேலையை விட்டது உங்கள் குடும்ப விஷயம். எல்லோரும் இப்படி ஒரு கதை சொன்னால் பட்டியல் எங்கே போய் முடியும்?

வவுனியா வாசி: குடும்பக் கொடுப்பனவா, மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவா என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

மல்லாவி மண்: இந்த முறை தராசை நாங்களே கொண்டு வருகிறோம்.

முத்தையன்கட்டுக்காரி: நெல்லை வேறு இடத்தில் பேசுங்கள். குடும்ப விஷயமா அண்ணை? இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவிலும், அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு நாள் வந்து நின்று செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் கல்வீடு என்று எழுதுவீர்களா?

பரந்தன் சந்தி: வருகிறேன். வந்தாலும், அந்த மாபிள் வீட்டுக்காரர் பட்டியலில் இருக்கும்வரை இதையேதான் எழுதுவேன்.