காது ஆபரேஷனுக்கு அப்புறம் நாக்குல ஒரு பக்கம் மட்டும் ருசி தெரியல, உதவி பண்ணுங்க

எல்லாருக்கும் வணக்கம். இடது பக்கம் நடுக்காதுல ஆபரேஷன் முடிஞ்சு சில மாசம் ஆச்சு, காது நல்லாவே கேக்குது, ஆனா அப்போலேர்ந்து நாக்கோட இடது பக்கம் முன்பகுதில இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு எதுவுமே சரியா தெரியல, கூடவே எந்நேரமும் இரும்பை நக்குன மாதிரி ஒரு ருசி. வலது பக்கம் ஓகே, பின்நாக்கு ஓகே, வாசனையும் நல்லா தெரியுது.

டாக்டர் சொன்னது என்னன்னா நாக்கோட முன்பக்கம் மூணுல ரெண்டு பங்குக்கு ருசி கொண்டு போற கார்டா டிம்பனி நரம்பு செவிப்பறையை ஒட்டி நடுக்காது வழியாத்தான் போகுது, எனக்கு அது இழுபட்டிருக்கு, அறுபடல. பின்நாக்குக்கு வேற நரம்புங்கிறதால அங்க பிரச்சனை இல்ல.

இதுவரைக்கும் டாக்டர் குடுத்த ஜிங்க் மாத்திரை போட்டாச்சு, மாற்றம் இல்ல. சர்க்கரை தண்ணி, உப்புத்தண்ணி, எலுமிச்சை சாறுன்னு பஞ்சுல தொட்டு, நாக்கை நீட்டிக்கிட்டே ரெண்டு பக்கமும் வெச்சு பார்த்தேன், இடது பக்கம் ஈரம் மட்டும்தான் தெரியுது. நாக்கு நுனில இனிப்பு, பின்னாடி கசப்புன்னு போட்டிருக்கற பழைய படம் இதுக்கு உதவாது, ருசி மொட்டு இருக்கற எல்லா இடத்துலயும் எல்லா ருசியும் தெரியணும்.

மொட்டுல இருக்கற செல்லுங்க சுமார் 10 நாளுக்கு ஒருக்கா புதுசாகுதுன்னு படிச்சேன், ஆனா நரம்பு தொடர்பு போச்சுன்னா மொட்டே சுருங்கிடும்னும் போட்டிருக்கு, அதுதான் பயமா இருக்கு.

இதே நரம்பு அறுபடாம இழுபட்டு மட்டும் போனவங்க இங்க யாராவது இருந்தா, உங்களுக்கு ருசி திரும்ப எவ்வளவு நாள் ஆச்சு?