பழைய கம்ப்யூட்டரை ஃபயர்வாலாக்குகிறேன், வழி சொல்லுங்கள்

வணக்கம். பல்லடம் பக்கம் எங்கள் வீடு, ஒட்டினாற்போல் தறிக்கூடம். கூடத்துக் கேமராக்கள், அப்பாவின் ஜிஎஸ்டி கணக்கு, பிள்ளைகளின் செல்போன் எல்லாம் ஒரே வைஃபையில் கிடக்கின்றன. கேமராக்களைத் தனியே பிரிக்க, 8 ஜிபி ராம் உள்ள பழைய கம்ப்யூட்டரில் வீட்டு வலையமைப்பைக் காக்கும் ஃபயர்வால் மென்பொருளான ஓபிஎன்சென்ஸை நிறுவினேன்.

முதல் நாள் எதுவும் ஓடவில்லை. ஃபைபர் மோடத்துக்கும் ஃபயர்வாலுக்கும் ஒரே முகவரி: 192.168.1.1. ஃபயர்வாலின் வீட்டுப்பக்க முகவரியை 192.168.10.1 என்று மாற்றிய பிறகுதான் இணையம் வந்தது.

இப்போது மோடம், ஃபயர்வால் இரண்டும் முகவரியை மாற்றி அனுப்புவதால் வெளியூரிலிருந்து வீட்டு வலையமைப்புக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் விபிஎன் கிடைக்கவில்லை. மோடத்தை, முகவரி மாற்றாமல் இணைப்பை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றினால், இணைய நிறுவனத்தோடு இணைய உதவும் பிபிபிஓஇ பயனர்பெயர், கடவுச்சொல்லோடு, இணைப்பின் தடத்தைக் குறிக்கும் விலான் எண்ணும் அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டுமா?

என்னை அதிகம் வாட்டுவது அந்தக் கம்ப்யூட்டரின் ரியல்டெக் நெட்வொர்க் கார்டுதான். கேமராப் பதிவுகளை நகலெடுக்கும்போது பச்சை விளக்கு பட்டென்று அணைந்து, சில நொடி கழித்து எரிகிறது. கேபிளை மாற்றியும் அப்படியே. ஓபிஎன்சென்ஸின் அடித்தளமான ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ரியல்டெக் தகராறு செய்யும் என்பார்கள். அதற்கான டிரைவர் தொகுப்பைப் போட்டால் போதுமா, இன்டெல் கார்டே வாங்கிவிடலாமா? கோவையில் பழைய இரட்டை போர்ட் கார்டு எங்கே கிடைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. அன்றுதான் மோடத்தில் கை வைக்க முடியும். அதற்குள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.