டெபியன் 11-லிருந்து 12-க்குப் போகும்போது போஸ்ட்கிரஸை எப்படிப் பத்திரமாக மாற்றுவது?

வணக்கம் நண்பர்களே, பினாங்கில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாமே டெபியன் 11 (லினக்ஸ் இயங்குதளம்), போஸ்ட்கிரஸ் 13 (டேட்டாபேஸ் மென்பொருள்). தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்குள் டெபியன் 12-க்கு மாற்றியாக வேண்டும், அதோடு போஸ்ட்கிரஸ் 15-ம் வந்துவிடும்.

டெஸ்ட் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். அப்டேட் முடிந்ததும் பழைய 13 அப்படியே 5432 போர்ட்டில் ஓடுகிறது, பக்கத்திலேயே 15-க்குக் காலியான ஒரு கிளஸ்டர் (டேட்டாபேஸ்களின் தொகுப்பு) 5433-ல் தானாக உருவாகியிருக்கிறது. அந்தக் காலியானதை முதலில் நீக்கிவிட்டுத்தான், பழைய தரவை 15-க்கு மாற்றும் பிஜி_அப்கிரேட்கிளஸ்டரை ஓட்ட வேண்டும். நீக்கும் கட்டளையை அடிக்கும்போது, தவறி 13-ஐ நீக்கிவிடாமல், பக்கத்தில் இன்னொருவர் இருந்து வெர்ஷன் எண்ணைச் சரிபார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். சரி, இதுவரை தெளிவு.

கவலை இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் வரிசைப் பட்டியல்) பற்றித்தான். எழுத்து வரிசை விதிகளைத் தரும் ஜிலிப்சி (glibc) என்ற சிஸ்டம் லைப்ரரி 2.31-லிருந்து 2.36-க்குப் போகிறது. எழுத்து வரிசை விதி மாறியிருந்தால், தமிழ், மலாய், சீனம் எல்லாம் கலந்து கிடக்கும் வாடிக்கையாளர் பெயர் இண்டெக்ஸ் தப்பான பதில் தரும், எர்ரர்கூட வராது. தரவை வெளியே எடுத்துத் திரும்ப ஏற்றும் டம்ப் முறையில் இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்படும், ஆனால் நேரம் பிடிக்கும். பழைய கோப்புகளையே பகிர்ந்துகொள்ளும் லிங்க் முறை சீக்கிரம் முடியும், ஆனால் ரீஇண்டெக்ஸை நாமே செய்ய வேண்டும், அப்புறம் 15 ஒருமுறை கிளம்பிவிட்டால் பழைய 13-க்குத் திரும்பவும் முடியாது. எனக்கு டம்ப்தான் நல்லது என்று படுகிறது.

ரெப்ளிகாவும் (டேட்டாபேஸின் நகல் சர்வர்) ஒன்று இருக்கிறது, வெர்ஷன் மாறினால் மாற்றங்களை அதற்கு உடனுக்குடன் அனுப்பும் ஸ்ட்ரீமிங் ஓடாது. புது மெஷினில் டெபியன் 12 போட்டு லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (வெர்ஷன் வேறானாலும் தரவு மாற்றங்களை அனுப்பும் முறை) வழியாக மாற்றியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? சீக்வென்ஸ் (தானாக ஏறும் வரிசை எண்) மதிப்புகள் அதில் வராதே, மாற்றும் நேரத்தில் எப்படிச் சமாளித்தீர்கள்? கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் செய்யலாம் என்றிருக்கிறோம், அதற்குள் யாராவது சொன்னால் பெரிய உதவி.