செல்ஃப் டிரைவ் கார் எடுத்தபோது நடந்தது: ராமநாதபுரம் கடற்கரைப் பயண அனுபவங்கள்

கோவையிலிருந்து

அரையாண்டு விடுமுறையில் அம்மா, மனைவி, மகள் ஆகியோருடன் ரயிலில் ராமநாதபுரம் வந்து இறங்கினேன். தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை, பிறகு ராமேசுவரம், தனுஷ்கோடி என்று மூன்று நாள் சுற்ற வேண்டியிருந்தது. முழங்கால் வலியுள்ள அம்மாவைப் பேருந்துகளில் ஏற்றி இறக்க முடியாது என்பதால், நாமே ஓட்டிக்கொள்ளும் செல்ஃப் டிரைவ் கார் ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். நாள் வாடகை 2,500 ரூபாய். திருப்பித் தர வேண்டிய டெபாசிட் 10,000 ரூபாய்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு, இருட்டுப் பிரியாத நேரத்தில், நிலையத்துக்கு வெளியே வண்டியைக் கொண்டுவந்த இளைஞர் என் ஓட்டுநர் உரிமத்தைப் படம் எடுத்துக்கொண்டு, அச்சடித்த தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கிவிட்டு, அடுத்த வண்டி காத்திருக்கிறது என்று அவசரமாகக் கிளம்பிவிட்டார். "வாகனம் எந்தச் சேதமும் இன்றி நல்ல நிலையில் பெறப்பட்டது" என்ற வரி அந்தத் தாளில் இருந்ததை மூன்று நாள் கழித்துத்தான் படித்தேன். இது முழுக்க என் தவறு.

திருப்பி ஒப்படைத்தபோது முன்பக்க பம்பரின் இடது மூலையில் ஒரு கீறலைக் காட்டி, 8,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 2,000 ரூபாய் மட்டும் தந்தார்கள். பட்டறை மதிப்பீடு கேட்டேன், இல்லை என்றார்கள். பிடித்த தொகைக்கு ரசீது கேட்டேன், அதுவும் இல்லை. நான் கையெழுத்திட்ட தாளை மட்டும் மீண்டும் மீண்டும் காட்டினார்கள்.

ரயிலில் திரும்பும் வழியில், பயணம் தொடங்கிய அன்று பாட்டி காரில் ஏறுவதை மகள் கைப்பேசியில் எடுத்திருந்த காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு கால் வைக்கும் இடத்தில், எதிரே வந்த ஆட்டோவின் விளக்கொளி பம்பர் மீது விழுகிறது. பனிவிளக்குக்குக் கீழே அதே கீறல், விரல் நீளத்துக்கு, உள்ளிருக்கும் வெள்ளைப் பூச்சு தெரியும்படி அப்படியே இருக்கிறது. நேரம் காலை 5.41.

அந்தக் காணொளியை நிறுவனத்துக்கு அனுப்பியும் பதில் வரவில்லை. ஆகவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துத் தமிழிலேயே புகார் பதிவு செய்தேன். இது நீதிமன்றம் அன்று; வழக்குக்கு முந்தைய கட்டத்தில் இரு தரப்பையும் பேசவைக்கும் ஏற்பாடு. அத்துடன் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைச் சுட்டி, பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பும் அனுப்பினேன். பணம் பெற்றுக்கொண்டு பில்லோ ரசீதோ தராமல் இருப்பதை அந்தச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. அளவுக்கு மீறிய டெபாசிட் கேட்பதும், ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிப்பதும் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வரையறைக்குள் வருகின்றன. அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று மனம் ஒடிந்திருந்த எனக்கு, அந்தப் பிரிவுகளைப் படித்த பிறகுதான் துணிவு வந்தது.

பலர் தயங்குவதற்குக் காரணம், வழக்குக்காக ராமநாதபுரத்துக்கு அலைய வேண்டுமே என்ற எண்ணம். இப்போதைய சட்டப்படி, நாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும்.

எனக்கு அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மூன்று வாரத்தில் 7,500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. மீதி 500 ரூபாயை உட்புறம் சுத்தம் செய்ததற்கென்று பில்லுடன் கழித்திருந்தார்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் குளித்துவிட்டு ஈரத்தோடும் மணலோடும் நாங்கள் ஏறி அமர்ந்தது உண்மை என்பதால், அதை நான் மறுக்கவில்லை.

ராமநாதபுரத்திலிருந்து

தம்பி எழுதியதைப் படித்தேன். நானும் இங்கே மூன்று கார்களை வாடகைக்கு விடுபவன். பில் இல்லாமல் பணம் பிடிப்பவர்களால் எங்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர் வருகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் நடப்பதையும் சொல்ல வேண்டும்.

1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு, பழகிய ஜீப்பும் வேனும் மட்டுமே மணலில் போய்வந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு எல்லாக் கார்களும் முனை வரை போகின்றன. சாலையில் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. படம் எடுப்பதற்காகச் சாலையை விட்டு மணலில் இறக்குகிறவர்களும், அலை வந்து தொடும் ஈரமணலில் சக்கரத்தை ஓடவிடுகிறவர்களும்தான் எங்களுக்குப் பெரும் நட்டம். சென்ற ஆண்டு ஒரு குடும்பம் திருப்பித் தந்த வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது, பிரேக் டிஸ்க்கின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்து, அதன் ஓரத்தில் செந்துரு படரத் தொடங்கியிருந்தது. அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவச் சொல்லியிருந்தால் 400 ரூபாயில் முடிந்திருக்கும். அவர்கள் வாயே திறக்கவில்லை.

எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், தயவுசெய்து மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடு என்ற தண்டு வளைந்துவிடும். அதற்கென்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால் ஒழிய, சாதாரண இன்சூரன்ஸ் அந்தச் செலவை ஏற்பதில்லை. குடித்துவிட்டு ஓட்டினாலும், ஒப்பந்தத்தில் பெயரில்லாத, உரிமமும் இல்லாத மச்சானிடம் சாவியைக் கொடுத்தாலும் அதே கதைதான்.

இன்னொன்று, பாம்பன் சாலைப் பாலம். புதிய ரயில் பாலத்தைப் பார்க்கும் ஆசையில் நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். அபராதச் சலான் வண்டி உரிமையாளரான என் பெயருக்கு வருகிறது. வண்டி எடுத்தவர் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். அந்தத் தொகை ஓட்டியவருடையது. அதே சமயம், சலான் நகலைக் காட்டாமல் அபராதம் என்று சொல்லி யாராவது பணம் பிடித்தால் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

வண்டி எடுக்கும்போது முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். செல்ஃப் டிரைவ் வாடகைக்கென்று பதிவான வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அது சொந்த உபயோக வண்டி. 300 ரூபாய் குறைவு என்று அதை வாடகைக்கு எடுத்தால், விபத்தின்போது இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க இடம் கொடுத்துவிடுவீர்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்பதையும் வண்டி கொடுப்பவர் முன்னிலையிலேயே படம் எடுங்கள். நேர்மையான உரிமையாளர் இதற்குக் கோபப்பட மாட்டார். நானே வாடிக்கையாளரின் கைப்பேசியை வாங்கி நாலு பக்கமும் எடுத்துக் கொடுக்கிறேன்.

மதுரையிலிருந்து

ஏர்வாடி தர்காவுக்குச் சென்று திரும்பும்போது, கீழக்கரைக்கு முன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையில், சீமைக்கருவேலங் காட்டிலிருந்து ஒரு ஆடு குறுக்கே பாய்ந்து நாங்கள் எடுத்திருந்த வாடகைக் காரில் மோதிவிட்டது. வலது விளக்கு நொறுங்கி, முன் கிரில் உள்வாங்கியது. என் கணவர் பக்கத்து ஊர்ப் பட்டறைக்கு ஓட்டிப் போகலாம் என்றார். நான் முதலில் உரிமையாளரை அழைத்தேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருக்கும் அடி இல்லையே, அக்கா?" என்பதுதான். மனிதர் எவருக்கேனும் காயம் என்றால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் ஓட்டுநரின் சட்டக் கடமை என்று அவர்தான் சொன்னார். அடுத்து, ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்கச் சொன்னார். சொட்டியது. அதே நிலையில் ஓட்டியிருந்தால் எஞ்சின் சூடேறிப் போயிருக்கும். அந்தச் செலவு எங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். வண்டியை அசைக்காமல் படம் எடுத்து அனுப்பினோம். ஆட்டுக்கார அம்மாவுக்கு நட்டஈடு பேசிக் கொடுத்தோம். இரண்டு மணி நேரத்தில் மெக்கானிக்கும் மாற்று வண்டியும் வந்தன.

இன்சூரன்ஸ் போக நாங்கள் ஏற்க வேண்டிய பங்கு 3,000 ரூபாய் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததை எடுக்கும்போதே படித்துக் காட்டியிருந்தார். அதை மட்டும் பில்லுடன் கழித்துக்கொண்டு, டெபாசிட்டில் மீதியிருந்த 5,000 ரூபாயை வேலை முடிந்த அன்று மாலையே அனுப்பினார். பில்லோடு வந்த படத்தில், பட்டறைத் தரையில் எங்கள் உடைந்த விளக்கும் அதன் பக்கத்தில் புதிய விளக்கின் அட்டைப்பெட்டியும் இருந்தன.