குடோன் கேமராக்களைத் தனி லைனில் திருப்ப சுவிட்சிலேயே பாலிசி ரவுட்டிங் போடலாமா?

குமுளிக்காரன்:
குமுளியில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை, மாடியில் குடோன். இரண்டு இணைய லைன். ஒன்று நிலையான ஐபி உள்ள 10 எம்பி லீஸ்டு லைன். கம்பம் ஊரில் இருக்கும் பில்லிங் சர்வர் அந்த ஐபியிலிருந்து வந்தால்தான் உள்ளே விடும். இன்னொன்று 100 எம்பி பிராட்பேண்ட். குடோனில் உள்ள 16 கேமராக்களும் கிளவுடுக்குப் பதிவு ஏற்றத் தொடங்கினால் பில்லிங் திரை அப்படியே நின்றுவிடுகிறது. தராசில் மூட்டை இருக்கிறது, ரசீதுக்காக வியாபாரி நிற்கிறார், பிரிண்டர் அசையவில்லை.

நடுவில் பழைய சிஸ்கோ 3560 சுவிட்ச். டீஃபால்ட் ரூட் (வேறு விதி இல்லாதபோது போகும் வழி) லீஸ்டு லைனுக்கு. கேமராக்கள் விலான் 30-இல் (சுவிட்சுக்குள் தனியாகப் பிரித்த பகுதி), 192.168.30.0 நெட்வொர்க். பாலிசி ரவுட்டிங்குக்காக (நாம் சொல்லும் விதிப்படி பாக்கெட்டின் வழியை மாற்றுவது), எந்த பாக்கெட் என்று சொல்லும் ஏசிஎல் எழுதி, அதை எங்கே அனுப்புவது என்று சொல்லும் ரூட்-மேப்பில் நெக்ஸ்ட் ஹாப்பாக (அடுத்துப் போய்ச் சேரும் கருவி) பிராட்பேண்ட் ரவுட்டரைக் கொடுத்து, விலான் 30-இல் மாட்டினேன். ரன்னிங் கான்ஃபிகில் (சுவிட்சில் இப்போது ஓடும் அமைப்பு) பார்த்தால் அந்த வரியையே காணோம்.

லோயர்கேம்ப்:
சுவிட்சிலேயே போடலாம் அண்ணே. 3560-இன் டீஃபால்ட் எஸ்டிஎம் டெம்ப்ளேட்டில் (சுவிட்சின் நினைவகத்தை எதற்கு எவ்வளவு என்று பிரிக்கும் அமைப்பு) பாலிசி ரவுட்டிங்குக்கு இடமே கிடையாது. 'எஸ்டிஎம் ப்ரிஃபர் ரவுட்டிங்' கொடுத்து ரீலோட் செய்யுங்கள், அப்புறம் அந்த வரி நிற்கும். சுவிட்சில் இருப்பது பாலிசி ரவுட்டிங் உள்ள மென்பொருளான ஐபி சர்வீசஸ் இமேஜ்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைக்காத்து:
தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சுவிட்சுக்கு நெக்ஸ்ட் ஹாப் உயிரோடு இருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும், அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று தெரியாது. கட்டப்பனையில் ஒரு வாடிக்கையாளருக்கு இப்படித்தான் நானே போட்டுக் கொடுத்தேன். மழையில் மண் சரிந்து ஃபைபர் அறுந்தது. ரவுட்டரின் லேன் (உள் நெட்வொர்க்) விளக்கு பச்சையாகவே எரிந்தது, சுவிட்சும் பாக்கெட்டுகளை அங்கேயே தள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே நல்ல லைன் இருந்தும் அரை நாள் அந்த அலுவலகம் முடங்கியது. இரண்டு வேன் போர்ட் (இணைய லைன் செருகும் இடம்) உள்ள ஃபயர்வால் வாங்கி, லைன் தேர்வை அதனிடம் விடுங்கள். வெளியே உள்ள ஒரு முகவரியை பிங் செய்து பார்த்து அது தானாக மாற்றும்.

லோயர்கேம்ப்:
அலுவலகக் கணினிகளுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் இங்கே திருப்புவது கேமராவை. பிராட்பேண்ட் செத்தால் கேமரா பதிவு லீஸ்டு லைனுக்கு வரவே கூடாது என்பதுதான் அண்ணனுக்கு வேண்டியது. பதிவு என்விஆர் (கேமரா பதிவுப் பெட்டி) டிஸ்கில் இருக்கிறது, கிளவுடு அரை நாள் நின்றால் நிற்கட்டும். உங்களைக் கெடுத்த அதே குணம் இவருக்கு உதவுகிறது.

மலைக்காத்து:
ஃபைபர் அறுந்தால் அப்படி. கரண்ட் போய் பிராட்பேண்ட் ரவுட்டரே அணைந்தால்? நெக்ஸ்ட் ஹாப் இல்லை என்று ஆனதும் சுவிட்ச் சாதாரண ரூட்டைப் பார்க்கும். 16 கேமராவும் லீஸ்டு லைனில் வந்து விழும். மலையில் எத்தனை முறை கரண்ட் போகிறது என்று இவருக்கே தெரியும்.

லோயர்கேம்ப்:
அதை நான் யோசிக்கவில்லை, உண்மைதான். லீஸ்டு லைன் ரவுட்டரில் 192.168.30.0 வெளியே போகாதபடி ஒரு தடை போட்டுவிடலாம். பிராட்பேண்ட் ரவுட்டர் அணைந்தாலும் கேமரா பதிவு அங்கே நின்றுவிடும்.

குமுளிக்காரன்:
ரீலோட் ஆகி வரி நின்றுவிட்டது. ஆனால் இப்போது பில் அறையில் இருக்கும் என்விஆரில் ஒரு கேமராவும் தெரியவில்லை. என்விஆர் விலான் 20-இல் இருக்கிறது.

மலைக்காத்து:
ஏசிஎல்லில் 'விலான் 30-இலிருந்து எங்கு போனாலும்' என்று எழுதியிருப்பீர்கள். பாலிசி, ரவுட்டிங் டேபிளுக்கு முன்னால் பார்க்கப்படுகிறது. பக்கத்து அறைக்குப் போகும் படத்தையும் பிராட்பேண்ட் ரவுட்டருக்கு அனுப்புகிறது.

லோயர்கேம்ப்:
ஏசிஎல்லின் மேலே, என்விஆருக்குப் போவதை விலக்கும் ஒரு டினை வரி போட்டால் தீரும் என்று பலர் சொல்வார்கள். 3560-இல் வேண்டாம். டினையில் பொருந்தும் பாக்கெட் சுவிட்சின் சிபியுவுக்குப் போய் அதற்குச் சுமையாகும், சிஸ்கோ கையேடே அதைத் தவிர்க்கச் சொல்கிறது. கேமரா கிளவுடுக்கு ஏறுவது டிசிபி 443-இல் (எச்டிடிபிஎஸ் போர்ட்) என்றால், சேருமிட போர்ட் 443-ஐ மட்டும் பர்மிட் செய்யுங்கள். என்விஆருக்குப் போகும் படம் அதில் சிக்காது.

சோதிக்கும்போது இரண்டு விஷயம். 'ஷோ ரூட்-மேப்' எண்ணிக்கை ஏறாது. ஹார்டுவேரில் போகும் பாக்கெட்டை அது எண்ணாது. விலான் 30-இல் லேப்டாப் செருகி டிரேஸ்ரூட் (பாக்கெட் போகும் வழியைக் காட்டும் கட்டளை) போட்டால் பழைய வழிதான் காட்டும், ஏனென்றால் அது 443 இல்லை. எச்டிடிபிஎஸ் தளம் ஒன்றில் உங்கள் ஐபி என்ன என்று பாருங்கள்.

குமுளிக்காரன்:
லேப்டாப்பில் பிராட்பேண்ட் ஐபி வந்தது. என்விஆரில் 16 கட்டமும் வந்துவிட்டன. லீஸ்டு லைன் ரவுட்டரில் தடை போட்டுவிட்டு, பிராட்பேண்ட் ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கினேன். கிளவுடு நின்றது, தம்பி கீழே ரசீது அடித்துக்கொண்டே இருந்தான். அடுத்து ஊழியர்களின் விலான் 40-ஐயும் இதே மாதிரி பிராட்பேண்டுக்குத் திருப்பலாமா?

மலைக்காத்து:
கூடாது. அவர்களுக்கு லைன் அறுந்தால் மாற்று லைன் வேண்டும். அதற்கு ஃபயர்வால்தான்.

லோயர்கேம்ப்:
இதில் நானும் அவர் பக்கம்தான் அண்ணே.