'ஸ்பிளர்ஜ்' (splurge) என்பதற்கு ஊதாரித்தனம் என்று போடலாமா?

தலவாக்கலைக்காரி:
எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சிறுசேமிப்புக் குழுவுக்காக ஒரு கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக் கணக்கு எழுதுவது, சீட்டுப் பிடிப்பது, கடனைக் கட்டி முடிப்பது, இதெல்லாம் சுலபமாகப் போனது. ஒரே ஒரு வரிதான் மல்லுக்கட்டுகிறது. "தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் குடும்பங்கள் ஸ்பிளர்ஜ் பண்ணுகின்றன" என்று எழுதியிருக்கிறார்கள். அகராதியைத் திறந்தால் ஊதாரித்தனம், வீண்விரயம், ஆடம்பரம் என்று வரிசையாக வசவுதான் வருகிறது.

காலை பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போய், மாலை கொழுந்து நிறுத்துவிட்டு, கால் கழுவாமல்கூட வந்து உட்காருகிறவர்களிடம் இதை வாசிக்க வேண்டும். தீபாவளி முற்பணத்தில் மகளுக்கு ஒரு சட்டை, இரண்டு கிலோ கோழி, பக்கத்து லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) கொடுத்தனுப்ப முறுக்கும் அதிரசமும். இதற்குப் பெயர் ஊதாரித்தனமா? என் வாயால் வராது. அதே கையேட்டில் பின்னால் 'ஓவர்ஸ்பெண்டிங்' என்றும் வருகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடவும் மனமில்லை. என்ன செய்யலாம்?

பதுளை_ரோட்டு:
ஆடம்பரச் செலவு. பத்திரிகைகளில் எல்லாம் அப்படித்தான் எழுதுகிறார்கள். இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை?

தலவாக்கலைக்காரி:
லயத்து அறையில் கூரைத் தகரம் மாற்றக் காசில்லாத வீட்டைப் பார்த்து ஆடம்பரம் என்று எழுதச் சொல்கிறீர்களா அண்ணே?

பழைய_வாத்தியார்:
தங்கச்சி கேட்டது நியாயமான கேள்வி. நம்மிடம் இருக்கும் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றுப் போலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைக் குறைசொல்கிறது. ஊதாரி என்றால் ஆளையே குறைசொல்வது. வீண்செலவு என்றால் வாங்கிய பொருளைக் குறைசொல்வது, அது தேவையில்லை என்று தீர்ப்பு. விரயம் என்றால் சோதிடரிடம் போனவர்களுக்குப் பன்னிரண்டாம் இடமும் விரயச் சனியும்தான் ஞாபகத்துக்கு வரும், அதை விட்டுவிடுங்கள். இவற்றில் எதுவும் அளவைப் பற்றிப் பேசவில்லை.

அளவைப் பேசுகிற சொல் வேண்டுமென்றால் செலவு என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். செல் என்பதிலிருந்து வந்தது. சங்கப் பாட்டில் செலவு என்றால் காசில்லை, பயணம். தலைவன் பொருள் தேடப் புறப்பட்டுத் தயங்கி நின்றால் அதற்குச் 'செலவழுங்குதல்' என்று பெயர். வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வருமானத்தை 'ஆகாறு' என்கிறார், செலவைப் 'போகாறு' என்கிறார். ஆறு என்றால் வழி. வருகிற வழி சிறியதாக இருந்தாலும் கேடில்லை, போகிற வழி அகலாமல் இருந்தால் சரி என்பது 478ஆம் குறள். போகிற வழியில் என்ன போகிறது, அது நல்லதா கெட்டதா என்று அந்தக் குறளில் ஒரு வார்த்தை கிடையாது. அகலம் மட்டும்தான் பேச்சு. நம் ஆட்கள் 'அகலக்கால் வைக்காதே' என்பதிலும் அதே அகலம்தான். ஆடம்பரச் செலவைச் சொல்லும் ஆங்கிலத்தின் 'எக்ஸ்ட்ராவகன்ஸ்' கூட லத்தீனில் எல்லை தாண்டி அலைவது என்ற பொருளில் கிளம்பியதுதான்.

ஆகவே ஓவர்ஸ்பெண்டிங்குக்கு 'வரவுக்கு மிஞ்சிய செலவு'. இலங்கையில் பட்ஜெட்டையே வரவு செலவுத் திட்டம் என்கிறோம், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஸ்பிளர்ஜ் வேறு சரக்கு. அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருக்கிறது. அதற்கு என்னிடம் நல்ல சொல் இல்லை.

கடைமேசை:
நான் ஹற்றன் பக்கம் பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறவன். வாத்தியார் சேர் தேடுகிற சொல்லை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின கிழமை சாமான் வாங்க வருகிறவர்கள் எழுதிவந்த துண்டைப் பார்த்து வாங்குவதில்லை. "பருப்பு ஒரு கிலோ கூடப் போடுங்க, முந்திரிகை வத்தல் இருக்கா, நல்லநாளும் அதுவுமா கொஞ்சம் தாராளமா எடுப்போம்" என்பார்கள். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்கும். தை பிறந்ததும் அதே ஆள் வந்து கடன் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து வரிவரியாக இறங்கிப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவ கை மீறிப் போச்சுண்ணே" என்பார். முதலாவது உங்கள் ஸ்பிளர்ஜ். இரண்டாவது ஓவர்ஸ்பெண்டிங். ஊதாரி என்ற சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டவரை நான் பார்த்ததே கிடையாது, அது எப்போதும் அடுத்த வீட்டுக்காரர்தான். சிங்கள வாடிக்கையாளர்கள் 'நாஸ்தி' என்பதும் பெரும்பாலும் மற்றவர் செலவைத்தான்.

பதுளை_ரோட்டு:
தாராளம் என்றால் பாராட்டு மாதிரி ஆகிவிடாதா? கடன் வாங்கித் தாராளமா?

கடைமேசை:
முற்பணத்தைக் கடன் என்று யார் நினைக்கிறார்கள்? கையில் வரும்போது அது தீபாவளிக் காசு. மாதாமாதம் சம்பளத்தில் வெட்டும்போதுதான் கடன்.

தலவாக்கலைக்காரி:
இது போதும். இப்படி எழுதிவிட்டேன்: "தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் நாம் தாராளமாகச் செலவழிக்கிறோம். அடுத்த மாதங்களில் முற்பணம் கழியும்போது செலவு கை மீறிப்போகிறது." மூலத்தில் 'குடும்பங்கள்' என்றிருந்ததை 'நாம்' ஆக்கினேன், நானும் அதே செக்ரோலில் (தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில்) இருக்கிறவள்தானே. வாத்தியார் சேரின் 'வரவுக்கு மிஞ்சிய செலவு' கணக்குப் பக்கத்துக்குத் தலைப்பு. ஆனால் வரவு என்ற கட்டத்துக்குள் பேர்க்கணக்குச் சம்பளத்தை (வேலை செய்த நாட்களுக்கான முழுச் சம்பளத்தை) எழுதவிடாமல், சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, கோயில் காசு, முற்பணம் எல்லாம் கழித்து கைக்கு வருவதை எழுதச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். மூலத்தில் அது இல்லை. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் நம் சம்பளச் சீட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஊதாரியும் வீணாகவில்லை. பதினோராம் பக்கத்தில் ஒரு கணவர் வருகிறார், சம்பள நாளன்று லொத்தர் சீட்டும் சாராயமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிறவர். அவருக்கு அந்தச் சொல்லைத் தாராளமாகவே கொடுத்துவிட்டேன்.